இயங்குதளத்தை மாற்ற ஏற்ற நேரம்

புதிய இயங்குதளம் வெளியாகும் நாளுக்கும், பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில ஆண்டுகள் இருக்கும். விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5 அன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14 அன்று. மாறும் நாளை இந்த நான்கு ஆண்டுகளுக்குள் எங்கே வைப்பது என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

அன்றாட வேலை நடக்கும் கணினியில், வெளியான வாரத்திலேயே எந்தப் புதிய பதிப்பையும் ஏற்றக் கூடாது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. உபுண்டுவில் இந்தப் பொறுமை விதியாகவே இருக்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு வைத்திருப்பவருக்கு, அடுத்த அத்தகைய பதிப்பின் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே மாறச் சொல்லி அறிவிப்பு வரும். 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வெளியானாலும், 22.04 பயனர்களுக்கு அந்த அறிவிப்பு ஆகஸ்டில் 24.04.1 வந்த பிறகே கிடைத்தது.

காத்திருப்பதற்கும் கவனியாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீம்பொருள், மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியாகியிருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகுதி, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். புதிய பதிப்பைத் தள்ளிப்போடலாம். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

நாளை உண்மையில் தீர்மானிப்பது, கைவிட முடியாத பழைய கருவியும் மென்பொருளும்தான். 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேடலினாவில் 32 பிட் மென்பொருள்கள் எதுவும் திறக்கவில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் மென்பொருள் ஓடும். ஆனால் 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பிரிண்டர் வேலை செய்யாது. டிடிபி வேலை செய்பவர்கள் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களைப் பற்றியே கவலைப்படுவார்கள். எழுத்துருவை எளிதாகப் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். முதலில் சோதிக்க வேண்டியது பழைய தட்டச்சு மென்பொருளைத்தான். ஒரு சிறிய டிடிபி மையத்தில் மாற்றத்துக்குப் பின் ஸ்கேனர் மட்டும் இயங்கவில்லை. இணையத்தைத் துண்டித்து, பழைய கணினியை அந்த ஸ்கேனருக்காகவே வைத்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு.

கணினியே இடம்தராத நிலையும் உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸரும் தேவை. இவை இல்லாத கணினியில் குறுக்குவழியில் ஏற்றுவதைவிட, வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தரப்படும் நீட்டிப்புத் திருத்தங்களைப் பெறுவதோ லினக்ஸுக்கு மாறுவதோ மேல்.

மாற்றும் வாரம் வேலை குறைந்த வாரமாக இருக்கட்டும். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் அலுவலகம் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கவே கூடாது. கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அதிலிருந்து ஓரிரண்டை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11-இலிருந்து பழையதற்குத் திரும்பும் வசதி இயல்பாக 10 நாட்களுக்கே கிடைக்கும். ஆகவே அச்சிடுதல், ஸ்கேன், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், தமிழ்த் தட்டச்சு என வழக்கமான வேலைகள் அனைத்தையும் அந்த 10 நாட்களுக்குள் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.