கோகோ விதையைப் பக்குவப்படுத்தி விற்பீர்!

தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ பயிரிட்டுள்ள விவசாயிகள் பலர், காயை உடைத்து ஈர விதையை அப்படியே விற்றுவிடுகின்றனர். பக்குவப்படுத்துவதால் கிடைக்கும் கூடுதல் விலை பிறர் கைக்குப் போகிறது. சிறிது உழைப்பும் கவனமும் இருந்தால் இவ்வேலையைத் தோப்பிலேயே செய்யலாம்.

தரமான விதைக்குத் தேவை

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேசன் அண்ட் கோ நிறுவனம், இயற்கை முறையில் விளைந்த கோகோ விதையைத் தென்னிந்திய விவசாயிகளிடம் வாங்கிச் சாக்லேட் தயாரிக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் இங்கு வேலைவாய்ப்புப் பெற்றுள்ளனர். இவ்வகைச் சாக்லேட்டில் விதையின் இயல்பான சுவையே முதன்மையானது. சரியாக நொதிக்காத விதையின் கசப்பையும் துவர்ப்பையும் பின்னர் வறுத்தும் அரைத்தும் முழுவதுமாகப் போக்க இயலாது. எனவே சாக்லேட்டின் தரம் தோப்பிலேயே முடிவாகிறது.

நொதிக்க வைத்தல்

நன்கு பழுத்த காய்களை மட்டும் பறிக்கவும். அணில், எலி கடித்தவற்றையும் அழுகியவற்றையும் ஒதுக்கவும். கத்தியால் வெட்டினால் விதை காயப்படும். கட்டையால் தட்டி உடைத்து, நடுத்தண்டை நீக்கவும்.

மூங்கில் கூடையில் வாழையிலை பரப்பி, 10 கிலோவுக்குக் குறையாமல் ஈர விதையை நிரப்பி, மேலே இலையால் மூடவும். சாறு வடிய அடியில் வழி இருக்க வேண்டும். மறுநாள் சாக்கினால் மூடி வெப்பத்தைக் காக்கவும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நன்கு கிளறிவிட்டு, ஆறாம் நாள் வெளியே எடுக்கவும்.

உலர்த்துதல்

விதையை மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி வெயிலில் உலர்த்தவும். ஈரப்பதம் 6 முதல் 7 சதவீதமாகக் குறைய வேண்டும். கைப்பிடி விதையை அழுத்தினால் தோல் நொறுங்கும் ஓசை கேட்கும். விறகுப் புகை படக்கூடாது. அந்த வாடை சாக்லேட்டிலும் தங்கும்.

சில விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பார்க்கவும். உட்புறம் பழுப்பு நிறத்துடன் வெடிப்புகள் இருந்தால் நன்கு நொதித்துள்ளது. ஊதா நிறம் அரைகுறை நொதிப்பையும், சிலேட்டு நிறம் நொதிக்காமையையும் காட்டும்.

விற்பனையில் கவனம்

1980களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோது, கேரள விவசாயிகள் பலர் கோகோ மரங்களையே வெட்டியெறிந்தனர். 1973இல் தோன்றிய கேம்ப்கோ கூட்டுறவு அமைப்பு கோகோ கொள்முதலில் இறங்கி, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சாக்லேட் ஆலையை நிறுவியது. கூட்டாக நின்றால் விலைச் சரிவைத் தாங்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

சிறு சாக்லேட் நிறுவனங்கள் வாங்கும் அளவு குறைவு. ஆகவே ஒருவரையே நம்பியிராமல், அளவையும் விலையையும் முன்னதாகவே பேசி முடிக்கவும். விளைச்சல் குறைந்தவர்கள் அண்டைத் தோப்பினருடன் சேர்ந்து ஒரே இடத்தில் நொதிக்க வைக்கலாம்.

ஏறத்தாழ 3 கிலோ ஈர விதையிலிருந்து 1 கிலோ உலர் விதை கிடைக்கும். எனவே உலர் விதையின் விலை, ஈர விதை விலையைப் போல் மும்மடங்குடன் கூலியையும் ஈடுகட்டினால் மட்டுமே இவ்வேலை இலாபம் தரும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே கூடையை எடுக்கவும்.