பஞ்சாங்கமும் கடன் தவணையும்

வேறு புஸ்தகம் இல்லாத வீட்டிலும் பஞ்சாங்கம் ஒன்று இருக்கும். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களைக் கூறுவதால் அதற்கு அப்பெயர் உண்டாயிற்று. சங்க அங்கத்தினர் அதில் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

சூரிய சந்திரர்களின் கதியைக் கணித்துச் சொல்லும் பகுதி நம்பத்தக்கது. அமாவாசையும் கிரகணமும் குறித்த நாளில் நிகழ்கின்றன. (வாக்கியத்திற்கும் திருக்கணிதத்திற்கும் உள்ள நாழிகை வித்தியாசம் பண்டிதர்களின் வழக்கு, உழவர்க்கு அதனால் நஷ்டமில்லை.) மழை இத்தனை மரக்கால் என்று கூறும் பகுதியோ அத்தகையதன்று. சேலத்தில் படிக்கப்படும் பஞ்சாங்கமே ஏற்காட்டிலும் படிக்கப்படுகிறது, மரக்காலும் ஒன்றே. ஆயினும் சேர்வராயன் மலையில் சேலத்தைவிட மழை வெகு அதிகம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்து கிளியூர் அருவியில் விழும்போது, அடிவாரத்து உழவர் வானத்தைப் பார்த்திருப்பதும் உண்டு. ஒரே மரக்கால் இரண்டு இடத்திற்கும் எவ்வாறு பொருந்தும்? அதை நம்பி விதைக்கும் எருவுக்கும் கடன் வாங்குதல் விவேகமாகாது.

பிற தேசத்தாரும் வருஷக் கணக்கைப் பயிரோடு பொருத்தவே முயன்றனர். சீனர் சூரியகதியைக் கொண்டு வருஷத்தை 24 பருவங்களாகப் பகுத்தனர். எகிப்தியர் ஒரு நட்சத்திரத்தின் விடியற்கால உதயத்தைக் கண்டு நைல் நதியின் வெள்ளத்தை எதிர்நோக்கினர். நமக்கு மிக நெருங்கிய உதாரணம் பசலி. ஹிஜ்ரி வருஷத்திற்கு ஏறக்குறைய 354 நாட்களே. ஆகவே 32 அறுவடைக்குள் 33 வருஷம் சென்றுவிடும். அக்கணக்கில் தீர்வை வசூலித்தால், விளையாத ஒரு வருஷத்திற்கும் குடியானவன் பணம் கட்ட நேரும். இக்குறையை நீக்க அக்பர் பாதுஷாவின் காலத்தில் ஏற்பட்டதே பசலி; அச்சொல்லுக்கு அறுவடை என்பதே பொருள். ஜூலை 1-ந் தேதி பிறக்கும் பசலி இன்றும் தமிழ்நாட்டு ரெவினியூ கணக்குகளில் வழங்குகிறது.

அரசன் வரியில் கவனித்த அந்த விஷயத்தைச் சங்கம் தன் தவணையில் கவனிக்க வேண்டாமா? மலையில் பங்குனி, சித்திரை மழைக்குக் காப்பி பூக்கிறது. கார்த்திகையில் மும்முரமாகும் பழம் பறிப்பு, தை மாசி வரை நீளும். பிறகு உலர்த்தி விற்க வேண்டும். "தையில் கட்டுகிறேன்" என்று அங்கத்தினர் சொல்ல, குமாஸ்தா ஜனவரி 10 என்று பத்திரத்தில் எழுதிவிட்டால், அந்நாள் மார்கழியிலேயே வந்து நிற்கும். பிறகு அபராத வட்டி. அதற்கு அஞ்சி, ஈரம் உலராத கொட்டையை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுதல். அல்லது லேவாதேவிக்காரரிடம் வாங்கிச் சங்கக் கடனை அடைத்தல். கடன் தீர்ந்ததாகக் கணக்கு காட்டும். குடும்பத்தில் கடன் அப்படியே இருக்கும்.

ஆகையால் பத்திரத்தில் இங்கிலீஷ் தேதியோடு தமிழ்த் தேதியையும் எழுதி, அங்கத்தினருக்கு வாசித்துக் காட்டியபின் கையொப்பம் பெறுக. விளைச்சல் விற்பனைக்குப் பிந்திய நாளையே தவணையாகக் கோருதல் அங்கத்தினர் கடமை. அமெரிக்க உழவர்க்கென 1792 முதல் வெளிவரும் ஒரு பஞ்சாங்கத்தின் மூலையில், ஆணியில் மாட்டத் துவாரம் இட்டிருப்பார்கள். சங்கக் கட்டிடத்திலும் அவ்வாறே ஒன்றை மாட்டி, மலையில் மழை பெய்த நாட்களை அதன் ஓரத்தில் குறித்து வருக. அடுத்த ஆண்டு மரக்கால் வாசிக்கப்படும்போது அக்குறிப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.