நேர்கோட்டில் நிற்கட்டும் சில்லு

செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கரையோரத்திலும் கிளினிக் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு, கத்தியைக் கீழே வைத்துவிட்ட ஒரு கால்நடை மருத்துவனின் சொற்கள் இவை.

1. "நாலடி ஓடுது டாக்டர், ரெண்டடி காலைத் தூக்குது, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்று பொமரேனியன் வளர்ப்பவர் சொன்னால், எக்ஸ்ரேவுக்கு முன் கையை நம்புங்கள். காலை நீட்டி, பாதத்தை உட்புறம் திருப்பி, முழங்கால் சில்லை உள்நோக்கித் தள்ளுங்கள். சின்ன நாய்களில் அது பெரும்பாலும் உட்புறமே நழுவும்.

2. நிலையைக் குறித்து வையுங்கள். 1969இல் சிங்கிள்டன் எழுதியதை ஒட்டிய நான்கு நிலைகளே இன்றும் வழக்கம். தள்ளினால் நழுவி, விட்டால் திரும்புவது முதல் நிலை. தானே நழுவித் தானே திரும்புவது இரண்டு. எப்போதும் விலகியிருந்து, கையால் மட்டும் திரும்புவது மூன்று. கையாலும் திரும்பாதது நான்கு. நொண்டாத முதல் நிலை நாய்க்குக் கத்தி வேண்டாம்.

3. சில்லு நழுவுவது அடையாளம், கோணல்தான் நோய். தொடைத்தசை, சில்லு, அதன் தசைநார், கீழ்க்கால் எலும்பின் முன்மேடு நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். மேட்டை நகர்த்தாமல் தையலை மட்டும் இறுக்கினேன் ஒருமுறை. சில வாரங்களில் அதே நாய் அதே நொண்டலோடு வந்தது.

4. உயரத்தையும் பாருங்கள். தசைநார் நீண்டு சில்லு மேலேறி இருந்தால், தொடை எலும்புப் பள்ளத்தின் பிடிக்கு வெளியே நின்று எளிதில் உட்புறம் சரியும். மேட்டைக் கீழே நகர்த்தலாம்; அளவு மீறி இழுத்தால் சில்லு தாழ்ந்துபோகும். எதையும் படத்தில் அளந்து முடிவு செய்யுங்கள்.

5. பள்ளத்தை ஆழமாக்கும்போது மேற்பரப்பின் குருத்தெலும்பைக் காப்பாற்றுங்கள். ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, அடியில் செதுக்கி, அதே துண்டைத் திரும்பப் பொருத்துங்கள். மாமல்லபுரத்துச் சிற்பிக்குத் தெரியும்: செதுக்கி எறிந்ததை ஒட்ட முடியாது.

6. நடுவயது நாயென்றால் குறுக்குத் தசைநாரும் அறுந்திருக்கிறதா என்று சோதியுங்கள். அதைத் தவறவிட்டால் சில்லு சரியாக நின்றும் நொண்டல் தீராது.

7. மேட்டைப் பிடிக்கும் கம்பி நகர்வது, மேடு பெயர்வது, தோலடியில் நீர் கட்டுவது, சீழ், மறுபடி நழுவல்: இந்த ஐந்தையும் அறுவைக்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நன்றாக ஊன்றிய நாய் திடீரெனக் காலைத் தூக்கினால் அன்றே படம் எடுங்கள்.

8. மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்கக் கூடாதென்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். இப்யூபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

9. அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் கயிற்றில் கட்டி மெதுநடை மட்டும். வழவழப்பான தரையில் சாக்கு விரிக்கச் சொல்லுங்கள். மாடிப்படி, சோபா, கடற்கரை மணல் எதுவும் வேண்டாம். கெஞ்சினாலும் கடலில் இறக்க வேண்டாம். எட்டாம் வாரம் மறுபடி எக்ஸ்ரே.

10. நான்காம் நிலை, வளைந்த தொடை எலும்பு, இரண்டாம் முறை அறுவை: இவற்றை 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்புவதில் அவமானம் இல்லை. தெரியாததை வெட்டிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.