ஏக்கர் கணக்கும் சதுர அடிக் கணக்கும்: சொத்து வரி வழக்குகள் இரண்டு

நம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போட மாநில அரசுக்கு அதிகாரம் உண்டா என்று கடைத்தெருவில் அவ்வப்போது விவாதம் எழுகிறது. உண்டு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49-வது இனம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. சட்டம் இல்லாமல் எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்கிறது 265-வது ஷரத்து. ஆனால் சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியோடுதான் கேரளத்து நில உடைமையாளர்கள் சிலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1955-ம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ரூபாய் என்று விதித்தது. வயலா, வெறுங்காடா என்ற வித்தியாசம் கிடையாது. மனுதாரர் ஒருவருக்குக் காட்டிலிருந்து வந்த வருமானம் ஆண்டுக்கு 3,100 ரூபாய். கேட்ட வரியோ சுமார் 54,000 ரூபாய்! முறையாக நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபம் கேட்டு மதிப்பிடும் வழியும் அந்தச் சட்டத்தில் இல்லை.

எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றால் சமத்துவம்தானே என்று தோன்றும். உப்பு மூட்டைக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் எடையை மட்டும் பார்த்து ஒரே வரி போட்டால் மளிகைக்காரர் ஒப்புவாரா? தலைமை நீதிபதி சின்ஹா உள்ளிட்ட பெரும்பான்மை நீதிபதிகள் 1960 டிசம்பரில், இந்த வரி சமத்துவம் கூறும் 14-வது ஷரத்துக்கு விரோதம், சொத்தைப் பறிப்பதற்கு ஒப்பானது என்று சட்டத்தை ரத்து செய்தனர். நீதிபதி சர்க்கார் மட்டும் மாறுபட்டார்.

கடைக்காரர்களுக்கு அடுத்த வழக்கே இன்னும் நெருக்கமானது. 1961-ம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டம் தளப் பரப்பை மட்டும் அளந்து வரி போட்டது. கட்டடம் எங்கே இருக்கிறது, எதனால் கட்டியது, எதற்குப் பயன்படுகிறது, என்ன வாடகை பெறும் என எதையும் பார்க்கவில்லை. பஜாரில் உள்ள கடையும் ஒதுக்குப்புறக் கிடங்கும் ஒன்றாகிவிட்டன. 1968-ல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

ஆனால் "வரி அதிகம்" என்ற முறையீடு மட்டும் நீதிமன்றத்தில் எடுபடாது. வரி விஷயத்தில் சட்டசபைக்கு நீதிமன்றங்கள் தாராளமாகவே இடம் தருகின்றன. தவிர, சொத்துரிமை 1979 முதல் அடிப்படை உரிமையாக இல்லை. 300-ஏ ஷரத்தின்படி சட்ட உரிமையே. 14-வது ஷரத்து மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்ததும், குறித்த கெடுவுக்குள், நம் கடையின் இடம், உபயோகம், அளவு ஆகியவற்றில் எது தவறாக மதிப்பிடப்பட்டது என்பதை எழுத்து மூலம் ஆட்சேபித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.