லேபிளின் பின்பக்கம் படிக்கத் தெரிந்தவர்கள்

கம்பை மாவாக அரைத்து வைத்தால் சில நாட்களிலேயே கசப்பு ஏறிவிடும். கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 5 கிராம் கொழுப்பு. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குதான். அரைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைத் தொட்டுவிடுகிறது. கெடுதல் அங்கே தொடங்குகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொண்ட வீடுகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று மாதம் கடை அலமாரியில் நிற்க வேண்டிய பாக்கெட்டுக்கு இதுதான் உயிர்ப்பிரச்சினை.

வணிகம் மட்டும் படித்தவருக்கு இது 'திரும்பி வந்த சரக்கு' என்ற ஒரு வரி. விற்பனையாளரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்வார். ஊட்டச்சத்து மட்டும் படித்தவர் நொதியின் பெயரைச் சொல்வார். அரைக்கும் முன் தானியத்தைக் கொதிநீரில் சில நொடி முக்கி உலர்த்தினால் அது அடங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த உலர்த்தலுக்குக் கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஆகும், திரும்பி வரும் சரக்கின் நஷ்டத்தைவிட அது குறைவா என்று கேட்டால் விழிப்பார். இரண்டு கேள்வியையும் ஒரே ஆள் தனக்குள் கேட்டுக்கொள்ள முடியுமானால் அவருக்கு வேலை இருக்கிறது. ஊட்டச்சத்தும் தொழில்முனைவும் சேர்த்துப் படிக்க நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மீதி, அந்த ஆளாக ஆவது எப்படி என்பது.

எதை முதலில்?

அறிவியலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்குப் பதிவையும் சந்தைப்படுத்தலையும் முப்பது வயதில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். உணவு வேதியியலையும் நுண்ணுயிரியலையும் ஆய்வகம் இல்லாமல் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் 'உணவு' என்று பெயரில் இருக்கும் படிப்பெல்லாம் ஒன்றல்ல. ஊட்டச்சத்தியல் உடம்பிலிருந்து தொடங்குகிறது: இவருக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேண்டும், அது எதிலிருந்து உடம்பில் சேரும். உணவுத் தொழில்நுட்பம் பண்டத்திலிருந்து தொடங்குகிறது: இதை எப்படிப் பதப்படுத்துவது, எப்படி அடைப்பது. முதலாவதற்கு 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவதற்குத் தஞ்சாவூரின் நிஃப்டெம். காவிரிப் படுகையில் மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்றுவதற்காக 1967-ல் பிறந்த ஆய்வு மையம்தான் வளர்ந்து, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. மருத்துவமனையில் டயட்டீஷியன் ஆகலாம் என்று எண்ணி உணவுத் தொழில்நுட்பத்தில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் பாய்லரையும் குளிர்பதனத்தையும் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தில் நான்கைத் தேடுங்கள்: உணவு வேதியியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், புலன்வழி மதிப்பீடு. கடைசியாகச் சொன்னது சுவை, மணம், பதம் ஆகியவற்றை முறையாக மனிதர்களை வைத்தே அளக்கும் கலை. நல்ல சத்துள்ள பல பண்டங்கள் சந்தையில் தோற்பது இங்கேதான். முடிந்தால் ஆய்வகத்தையும் காட்டச் சொல்லுங்கள். புரதம் அளக்கும் கெல்டால் கருவியின் மேல் தூசி படிந்திருந்தால் அந்தக் கல்லூரியின் கையேட்டைப் படிக்க வேண்டியதில்லை.

வணிகத்தை எங்கே சேர்ப்பது? 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளை அனுமதிக்கிறது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆனால் இரண்டாவது பட்டம் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. அடக்கவிலை, சந்தை ஆய்வு, நிறுவனச் சட்டம் மூன்றையும் விருப்பப் பாடங்களாகப் படித்தாலே பாதி தூரம் வந்துவிடலாம். பி.எஸ்சி. முடித்த சூட்டோடு எம்.பி.ஏ. வேண்டாம் என்பேன். நடுவில் இரண்டு வருடம் ஒரு தொழிற்கூடத்தில் நின்றுவிட்டுப் போங்கள். வகுப்பில் உட்காரும்போது கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

ஒரு பாக்கெட் சத்துமாவு

இந்தப் படிப்பு வேலையாக மாறும் இடத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், வடிவம் மாறாது. 250 கிராம் சத்துமாவு, விலை 120 ரூபாய். கடைக்காரருக்கு 24, விநியோகஸ்தருக்கு 10, வரி 6, வண்டி 4, திரும்பி வரும் பாக்கெட்டுகளுக்காக ஒதுக்குவது 6. ஆக 50 போயிற்று. மீதி 70 ரூபாய்க்குள் தானியம், வறுப்பு, அரைப்பு, உறை, கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் அடங்கி, உங்களுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும்.

இதில் 25 கிராம் பாதாம் போட்டிருக்கிறீர்கள். கிலோ 800 என்றால் அதற்கு மட்டும் 20 ரூபாய். எடுத்துவிட்டு வறுத்த நிலக்கடலை போட்டால், கிலோ 160 என்று வைத்தாலும், 4 ரூபாய். புரதம் குறையுமா? குறையாது, நிலக்கடலையில் பாதாமைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. வணிகம் படித்த மூளை துள்ளும். ஆனால் நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். ஒவ்வொரு கொள்முதலையும் சோதிக்க வேண்டும், சோதனைக்குக் கட்டணம் உண்டு. ஒவ்வாமை எச்சரிக்கையை லேபிளில் மாற்ற வேண்டும். பிறகு கடையில் நிற்கும் அம்மா இருக்கிறார். 'பாதாம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் அவர் பாக்கெட்டையே கையில் எடுத்தார். நிலக்கடலைக்கு 120 கொடுப்பாரா? ஒருவேளை விலையை 105-க்கு இறக்க வேண்டியிருக்கும். அப்படியானால் மிச்சப்பட்ட 16 ரூபாயில் எத்தனை நிற்கும்?

இந்த ஒரு கேள்விக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதத் தெரிந்த பட்டதாரியைத்தான் சிறு உணவு நிறுவனங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. பெரிய நிறுவனத்தில் இதற்கு நான்கு துறைகள் இருக்கும். சின்ன இடத்தில் நீங்கள் ஒருவரே நான்கு துறையும்.

அடுத்தது சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகளை முதலாண்டிலேயே படித்துவிடுங்கள். எந்தப் பாடநூலையும்விடப் பயன்படும். மாவு போன்ற திடப்பொருளில் 'புரதம் நிறைந்தது' என்று அச்சிட வேண்டுமானால், ஒருநாள் பரிந்துரை அளவில் 20 சதவீதமாவது 100 கிராமில் இருக்க வேண்டும். 'சர்க்கரை அற்றது' என்றால் 100 கிராமுக்கு அரை கிராமைத் தாண்டக் கூடாது. வெல்லம் போட்டுவிட்டு 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட முடியாது. நம் ஊர்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் இந்தத் தப்பைப் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் தன் பிரிவின் பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை.

சத்துக் கணக்குக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை போதும். 528 உணவுப்பொருட்கள் அதில் உண்டு. அந்த நிறுவனம் 1918-ல் தொடங்கியது நம் குன்னூரில். பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் ஆரம்பித்த வேலை அது. ஊட்டி போகும்போது குன்னூரைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விடுமுறையில் எங்கே போவது?

எல்லோரும் ஆய்வகத்துக்கோ மருத்துவமனைக்கோ பயிற்சிக்குப் போவார்கள். நீங்கள் இரண்டு வாரமாவது ஒரு விநியோக வண்டியில் ஏறுங்கள். எந்தக் கடைக்காரர் எந்தப் பொருளைக் கண்மட்டத்தில் வைக்கிறார், எதைக் கீழ்த்தட்டில் தள்ளுகிறார், வெயில் படும் இடத்தில் எது நிற்கிறது என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஆறு மாதம் தாங்கிய பண்டம் மே மாதத்து வேலூர்க் கடையில் மூன்று மாதம்கூடத் தாங்காதது ஏன் என்று அங்கேதான் புரியும்.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குள் போன பிறகும் அதில் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கும், வாயு வரும், பை உப்பும். 2005-ல் பெங்களூரில் முஸ்தபாவும் அவர் உறவினர்களும் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் இந்த உயிருள்ள சரக்கைத்தான் தொழிலாக்கியது. குளிர்ச்சி விடாமல் கடைக்குக் கொண்டுபோவதும், விற்காததைத் திரும்ப எடுப்பதும் அங்கே வணிகத் தந்திரம் மட்டுமில்லை. நொதித்தலின் வேகம் போட்ட நிபந்தனை.

சொந்தமாகத் தொடங்கும் ஆசை இருந்தால், சிறு உணவுத் தொழில்களுக்கு 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் கடனோடு இணைந்த 35 சதவீத மானியத்தை, 10 லட்சம் உச்சவரம்போடு வைத்தது. நீங்கள் படித்து முடிக்கும்போது அது எந்த வடிவில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியத்தை நம்பிப் பெரிய எந்திரம் வாங்காதீர்கள். முதல் நூறு பாக்கெட்டை வாடகை எந்திரத்தில் அரைத்து விற்றுப் பாருங்கள்.

மருத்துவமனை உணவியல் வேறு பாதை. முதுநிலைப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியலாளர் (ஆர்.டி.) தேர்வு என்று போகும். அந்தத் தகுதி இல்லாமல் இன்ஸ்டாகிராமில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதிக்கொடுப்பது தொழில்முனைவு ஆகாது. அரசுப் பக்கமும் இடம் உண்டு. 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் போன்றவற்றில், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு ரூபாய் என்ற வரம்புக்குள் இவ்வளவு சத்து என்பதே அன்றாடக் கணக்கு. சத்துமாவுக்குப் போட்ட அதே கணக்குதான். விளம்பரம் மட்டும் இல்லை.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறதா? கால் கிலோ கம்பு வாங்குங்கள். பாதியை அப்படியே அரைத்து ஒரு டப்பாவில் போடுங்கள். மீதியைக் கொதிநீரில் முக்கி எடுத்து, நன்றாகக் காயவைத்து அரைத்து இன்னொன்றில் போடுங்கள். பத்தாம் நாள் இரண்டு மூடியையும் திறந்து மோந்து பாருங்கள். தேதி, மணம், காயவைக்க ஆன நேரம், செலவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.