வளவில் மரம் நட ஒரு செலவுக் கணக்கு

வீடு கட்டி முடிகின்றபோது கையில் இருந்த காசும் முடிந்துவிடுவதே நமது ஊர்களில் வழமை. அத்திவாரத்துக்கு ஒரு கணக்கு, கூரைக்கு ஒரு கணக்கு, மதிலுக்கும் கேற்றுக்கும் ஒரு கணக்கு என எல்லாவற்றுக்கும் கொப்பியில் பக்கம் ஒதுக்குகின்ற நாம், வளவில் வைக்கப்போகும் மரங்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. குடிபுகும் வாரத்தில் யாரோ ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு வேன் நிறையக் கன்றுகள் வந்து இறங்கும். அடுத்த கோடையில் அவற்றில் பாதி காய்ந்துவிடும்.

கிழக்கிலங்கையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கட்டாரில் தொழில் புரியும் மகன் வளவை அழகுபடுத்துவதற்கென 50,000 ரூபா அனுப்பியிருக்கிறாராம். 12 பேர்ச்சஸ் காணி, கடலுக்கு அண்மித்த மணல் நிலம். "ஒருவர் வந்து பார்த்துவிட்டு, புல் விரித்து எட்டடி உயரமான மரங்கள் ஐந்து நட்டுத் தருகிறேன், எல்லாம் இந்தக் காசுக்குள் அடங்கும் என்கிறார். கொடுக்கலாமா?" என்பதே அவரது கேள்வி. பிள்ளை வெயிலில் நின்று உழைத்த காசு என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதனால் இக்கேள்வியை இவ்வாரப் பத்திக்கே எடுத்துக்கொண்டோம்.

கொடுக்க வேண்டாம் என்பதே எமது பதில். காரணம் இருக்கிறது.

முதலில் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 12 பேர்ச்சஸ் என்றால் 3,267 சதுர அடி. வீட்டின் கீழ்த்தளம் 1,500 சதுர அடியையும், வாகனம் நிறுத்தும் இடம் 400 சதுர அடியையும் எடுத்தால் எஞ்சுவது 1,367 சதுர அடி மாத்திரமே. தென்னைக்குச் சிபாரிசு செய்யப்படும் இடைவெளி 26 அடிக்கு 26 அடி, அதாவது ஒரு மரத்துக்கு 676 சதுர அடி. இரண்டு தென்னை வைத்தால் வளவு முடிந்தது. கிணறு, மலசலகூடக் குழி, துணி காயப்போடும் இடம் என்பன இன்னும் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே இந்த வளவுக்கு ஒரு தென்னை, கத்தரித்துச் சிறிதாக வைத்திருக்கக்கூடிய ஓர் ஒட்டுமா, ஒரு தேசி, ஒரு மாதுளை, அடுப்படிப் பக்கமாக ஒரு முருங்கை போதும். ஐந்துக்கு மேல் ஒரு கன்றும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, காசு எங்கே போக வேண்டும் என்பது. மரத்தின் விலையே செலவு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் கன்றின் விலை மொத்தச் செலவில் சிறியதொரு பகுதியாகவே இருக்க வேண்டும். அந்த 50,000 ரூபாவை நாம் பின்வருமாறு பிரிப்போம். கன்றுகளுக்கு 10,000. கிடங்கு வெட்டும் கூலி, மேல்மண், மாட்டெரு, தேங்காய் மட்டை ஆகியவற்றுக்கு 17,500. ஆடுமாடு கடிக்காமல் கூடு அடிப்பதற்கும் முட்டுக் கொடுப்பதற்கும் 7,500. இரண்டு வருடத்துத் தண்ணீருக்கும் பசளைக்கும் 10,000. பட்டுப்போகும் கன்றுக்குப் பதில் கன்று வைக்க 5,000. விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும், 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர் மாதத்துக்கு மாதம்கூட வேறுபடுவதைக் கண்டோம். எனவே ரூபாவை மறந்துவிட்டு விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டாலே போதுமானது. நூறு ரூபாவில் கன்றுக்கு இருபது, மண்ணுக்கும் கிடங்குக்கும் முப்பத்தைந்து.

மண்ணுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். கரையோர மணலில் தண்ணீரும் நிற்காது, பசளையும் நிற்காது. மேலே ஊற்றுவது கீழே இறங்கிவிடும். கிடங்கில் போடும் எருவும் மட்டையும்தான் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாத்திரம். தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பதே கணக்கு. அடியில் தேங்காய் மட்டையை உட்புறம் மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்காகப் பரப்பி, அதன்மேல் மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்ப வேண்டும். அனேகமான கூலியாட்கள் ஒன்றரை அடியில் நிறுத்திவிடுவார்கள். நாளொன்றுக்கு எனக் கூலி பேசாமல், அளவு சொல்லி ஒரு கிடங்குக்கு இவ்வளவு எனப் பேசி, நிரப்புவதற்கு முன்னர் கோலால் அளந்து பார்த்துக் காசைக் கொடுப்பது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே வீண்விரயம் நடக்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றடிக் கிடங்கு ஒன்றின் கொள்ளளவு 27 கன அடி. இரண்டடிக் கிடங்கு 8 கன அடிதான். தென்னைக்கும் மாவுக்கும் பெரிய கிடங்கு, தேசிக்கும் மாதுளைக்கும் சிறியது என வைத்தால் மொத்தம் 70 கன அடி. முருங்கைக்குத் தடி ஊன்றினால் போதும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மட்டையையும் எருவையும் கழித்தால் அரைக் கியூப் மேல்மண்ணே தாராளம். ஆனால் "இரண்டு லோட் பறிப்போம்" என்பார்கள். மிஞ்சும் மண் மதிலோரம் குவிந்து கிடந்து மாரி மழையில் கானுக்குள் போய்ச் சேரும்.

எட்டடி உயரமான மரத்தைப் பற்றி. இது நானே பட்ட பாடு. சில வருடங்களுக்கு முன்னர், வந்தவர்கள் கண்ணுக்கு உடனே நிழல் தெரிய வேண்டும் என்ற ஆசையில் மூன்று பெரிய மரங்களை வாங்கி முன்பக்கம் நட்டேன். பையில் நெடுங்காலம் இருந்ததால் வேர் வட்டமாகச் சுற்றி இறுகிப்போயிருந்ததை நட்ட பின்னரே அறிந்தேன். ஒன்று அந்தக் கோடையிலேயே பட்டது. மற்ற இரண்டும் வளராமல் நின்றன. அதே மாரியில் ராத்தா வீட்டில் வைத்த முழங்கால் உயர ஒட்டுக்கன்று மூன்றாம் வருடம் அவற்றைத் தாண்டிப்போயிற்று. என்னுடைய செலவில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு ஆகவில்லை. மச்சான் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எனவே சிறிய, உறுதியான கன்றையே வாங்குங்கள். ஆனால் மலிவான கன்று என்று இதற்குப் பொருளில்லை. விதையில் முளைத்த மாங்கன்று காய்க்கப் பல வருடங்கள் செல்லலாம், எந்த இனமாகக் காய்க்கும் என்பதும் நிச்சயமில்லை. விலாட், கறுத்தக் கொழும்பான், டொம் ஈஜேசி போன்றவற்றின் ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடங்களில் காய்க்கத் தொடங்கிவிடும். கொடுக்கும் மேலதிக விலை அந்த வருடங்களுக்கான விலை. தென்னங்கன்றை வீதியோரத்தில் வாங்காமல் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் நாற்றுமேடையில் வாங்குவதே பாதுகாப்பானது.

தண்ணீர்க் கணக்கைத்தான் எவரும் போடுவதில்லை. நமது பக்கம் மாசி தொடக்கம் புரட்டாதி வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள் நம்பத்தக்க மழை இல்லை. மணல் நிலத்தில் ஒரு கன்றுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் என வைத்தால் 240 நாட்களுக்கு 4,800 லீற்றர். ஐந்து கன்றுகளுக்கு 24,000 லீற்றர், அதாவது 24 அலகு. மாதத்துக்கு மூன்று அலகு பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் குழாய் நீர்க் கட்டணம் படிமுறையானது, பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறும். குளிக்க, சமைக்க, கழுவப் பாவித்ததற்கு மேலாக வருவதால், மரத்துக்கு ஊற்றும் மூன்று அலகும் உங்கள் பட்டியலின் மிக விலைகூடிய படியிலேயே போய் விழும். கிணறுள்ளவர்களுக்கு மின்சாரக் கட்டணம். கிணற்று நீர் உவர் என்றால் தேசியும் மாவும் அதனைத் தாங்கமாட்டா, தென்னை ஓரளவு தாங்கும்.

செலவைக் குறைக்க வழிகள் இல்லாமலில்லை. வுழூ செய்யும் இடத்துத் தண்ணீரில் சவர்க்காரம் கலப்பதில்லை. ஐவர் உள்ள வீட்டில் அது தினமும் பல வாளிகள். அதனைக் கானுக்குள் விடாமல் ஒரு பைப் வைத்து மாவின் அடிக்குத் திருப்பிவிட்டால் ஒரு மரத்தின் தண்ணீர்ச் செலவு முற்றாகவே இல்லாமல் போகும். மேசன் வீட்டில் நிற்கும்போதே செய்வித்தால் மலிவு, பிறகு உடைத்துச் செய்வதென்றால் இரட்டைச் செலவு. அடியில் சிறுதுளையிட்ட மண்முட்டியைக் கன்றருகே புதைத்து நிரப்பி வைப்பதும், தென்னோலை, சருகு கொண்டு அடியை மூடுவதும் ஊற்றும் தண்ணீரை வெகுவாக மிச்சப்படுத்தும்.

புல் விரிப்பை முற்றாகவே விட்டுவிடலாம். அது மரங்களைவிட அதிகமாகத் தண்ணீர் கேட்கும், ஒன்றும் தராது. பலர் இதில் என்னுடன் உடன்படமாட்டார்கள்.

எங்கே நடக்கூடாது என்பதும் செலவுக் கணக்கில் ஒரு பகுதிதான். மின்கம்பிக்குக் கீழும், அயல்வீட்டுக் கூரைக்குத் தேங்காய் விழும் தூரத்திலும் தென்னை வைப்பது பிற்காலத்தில் ஓடு மாற்றவும் மனத்தாங்கலுக்கும் வழி. பலாவும் ஈரப்பலாவும் வைக்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இவற்றையும் பெண் பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. சொந்த வளவு என்பதால் விதிவிலக்கில்லை. மதிலிலிருந்து மூன்றடியில் இன்று வைக்கும் பலாக்கன்று, இருபது வருடங்களின் பின் மதிலை வெடிக்கச் செய்யும்போது, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் ஏறி இறங்குவது உங்கள் பிள்ளைகளாகவே இருக்கும்.

வருமானம் என்ன என்றும் அவ்வாசகர் கேட்டிருந்தார். வீட்டு வளவை வியாபாரமாகப் பார்க்க முடியாது. நம்நாட்டில் ஒருவர் வருடத்துக்கு 100 தேங்காய்க்கு மேல் பாவிப்பதாகக் கூறப்படுகிறது. ஐவர் உள்ள குடும்பத்துக்கு 500. ஒரு தென்னை வருடத்துக்கு 60 காய் தந்தால் அது தேவையின் எட்டில் ஒரு பங்கே. ஆயினும் 2024 இன் பிற்பகுதியில் தேங்காய் விலை ஏறியபோது அந்த அறுபதின் பெறுமதி என்னவென்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தேசியும் முருங்கையும் நோன்பு காலத்தில் கடைக்குப் போகும் தடவையைக் குறைக்கும். மாவில் மிஞ்சுவதை அயலவருக்குக் கொடுக்கலாம், பறவை கொத்துவதும் ஸதகாதான்.

காசு ஒரேயடியாக இல்லாதவர்கள் மூன்று மாரிக்குப் பிரித்துச் செய்யலாம். முதல் மாரியில் தென்னையும் மாவும், ஏனெனில் அவைதான் காலம் எடுப்பவை. தேசி, மாதுளை அடுத்த மாரி. முருங்கைத் தடிக்குக் காசே தேவையில்லை, எவரிடமும் கேட்டு வாங்கலாம்.

மகன் அனுப்பிய பணத்தில் முதலில் 17,500 ரூபாவை மட்டும் எடுத்துப் புரட்டாதியில் கிடங்குகளை வெட்டி நிரப்பி வைக்குமாறு அவ்வாசகருக்கு எழுதியிருக்கிறோம். முதல் மழை இரண்டு மூன்று விழுந்து மண் அமர்ந்த பின்னர், ஐப்பசிக் கடைசியில் கன்று வாங்கப் போகலாம். கூட்டுக்கான கம்பியை அதற்கு முன்னரே வாங்கி வைக்க வேண்டும். கன்று நட்ட அன்றிரவே ஆடு வந்துவிடும்.