வைக்கோற் காளானும் மாட்டுக்கறியும்: சீன முறையில் ஒரு வீட்டுச் சமையல்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் மாட்டுக்கறி உண்ணும் வழக்கமுள்ள இல்லங்களில் பொதுவாகக் கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. கறி மலிவாகக் கிடைத்தாலும் எளிதில் வேகாது. நெடுநேரம் வேகவைத்தால் சாறு வற்றி நார்போலாகிவிடும் என்பதே அது. சீனர்கள் இக்குறைக்கு ஓர் எளிய பரிகாரம் கண்டுள்ளனர். கறியை மெல்லியதாக அரிந்து, மாவு பூசி, கொதிக்கும் எண்ணெயில் சில நிமிஷங்களே புரட்டிக் காளானுடன் சேர்ப்பது அவர்கள் முறை. இதற்கு வேண்டிய சாமான்களில் சோயா சாறு ஒன்று நீங்கலாக மற்றவை பெரும்பாலும் இவ்வட்டாரத்திலேயே கிடைப்பவை. ஆகையால் இம்முறையை இல்லத்தார் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

காளானின் வரலாறு

சீனர் இவ்வகைச் சமையலில் சேர்க்கும் காளான்களுள் ஒன்று நெல் வைக்கோலில் வளர்வது. தென் சீனத்தில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பயிரிட்டு வந்தனர். 1930-ஆம் ஆண்டுகளில் சீனக் குடியேறிகளால் இது மலேயா முதலிய நாடுகளுக்குப் பரவியது. நம் மாகாணத்தில் கோயமுத்தூரில் கே. எம். தாமஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதனை வைக்கோற் படுக்கையில் வளர்த்துப் பார்த்து, அம்முறையை 1943-இல் வெளியிட்டனர். மோகனூர், பரமத்தி வேலூர் முதலிய காவிரிக்கரை ஊர்களில் வைக்கோலுக்குக் குறைவில்லை. 28 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உஷ்ணத்தில் இக்காளான் செழித்து வளர்வதால், குளிர்சாதனம் எதுவுமின்றிக் கோடையிலும் இதனை வளர்க்கலாம்.

வைக்கோற் காளானை முட்டை போன்ற மொட்டுப் பருவத்திலேயே பறித்தல் வேண்டும். குடை விரிந்துவிட்டால் ருசியும் விலையும் குறையும். பறித்த அன்றே சமைத்துவிடுவது நலம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் நீர்விட்டுக் குழைந்துபோகும். இது கிடைக்காத நாளில் கடைகளில் விற்கும் சிப்பிக் காளானையோ, வெப்பமான சமவெளிக்கு ஏற்றதென 1998-இல் வெளியிடப்பட்ட ஏ.பி.கே. 2 என்னும் பால் காளானையோ உபயோகிக்கலாம்.

விஷக் காளான் பற்றிய எச்சரிக்கை

மழைக்குப்பின் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் காளானைப் பறித்து இச்சமையலில் சேர்த்தல் கூடாது. வைக்கோற் காளானின் மொட்டும், உயிரைக் குடிக்கும் சில விஷக் காளான்களின் மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிற்கும் அடியில் உறை உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் வைக்கோற் காளானை உண்டு பழகியவர்கள் அயல்நாடு சென்று, அதுவென்றே எண்ணி விஷக் காளானைப் பறித்து உண்டு மாண்டதுண்டு.

வெள்ளிக் காசு கறுக்கவில்லையென்றும், பூண்டு நிறம் மாறவில்லையென்றும், புழு தின்றிருக்கிறதென்றும் கூறி ஒரு காளானை நல்லதென முடிவு செய்வது பெரும் பிழை. இச்சோதனைகளில் ஒன்றேனும் நம்பத்தக்கதன்று. அவ்விஷம் வேகவைத்தாலும் நீங்காது. உண்ட ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே, சில சமயம் ஒரு நாள் கழித்தே, வாந்தியும் பேதியும் காணும். அவை இடையில் தணிந்தது போலத் தோன்றினாலும் அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வித்திட்டு வளர்த்த காளானையே சமையலுக்குக் கொள்க. ஐயத்திற்கிடமான காளானை உண்டவரை, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய காளானுடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

கறி கடினமாயிருப்பதன் காரணம்

1958-இல் இம்மாகாணத்தில் ஏற்பட்ட விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதுக்கு மேற்பட்டு, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் பயன்படாதவையெனச் சான்று பெற்ற மாடுகளையே அறுக்க இடந்தருகிறது. எனவே கடைக்கு வரும் கறி பெரும்பாலும் ஏரிலும் வண்டியிலும் உழைத்து முதிர்ந்த உருப்படியினுடையது. உழைத்த தசையில் நார்கள் தடித்தும், அவற்றைப் பிணைக்கும் சவ்வு முறுகியும் இருக்கும்.

இதற்கு முதற் பரிகாரம் கத்தியே. கறியை உற்று நோக்கினால் நார்கள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம். அத்திசைக்குக் குறுக்காக, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிதல் வேண்டும். நார் துண்டுபட்டுக் குட்டையாகிவிடுவதால் பல்லுக்கு வேலை குறைகிறது. நாரின் போக்கிலேயே அரிந்தால் எவ்வளவு சமைத்தும் பயனில்லை. கறியைக் குளிர்ப்பெட்டியின் பனி அறையில் அரை மணி நேரம் வைத்தெடுத்தால் மெல்லியதாக அரிவது எளிது. தொடை, முதுகு ஆகிய பாகங்களின் கொழுப்பற்ற கறி இதற்கு உகந்தது; முழங்கால் கறி குழம்புக்கே ஏற்றது.

இரண்டாவது பரிகாரம் சமையல் சோடா. சிறிதளவு சோடாவைப் பிசறி வைத்தால் தசையின் புரதம் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். சூட்டில் சுருங்குவது குறையும். அளவு மிஞ்சினால் கறி சவர்க்கார ருசி தரும்.

குச்சிக்கிழங்கு மாவு

மூன்றாவது பரிகாரம் மாவுப் பூச்சு. சீனர் பலவகை மாவுகளை இதற்கு உபயோகிப்பர். சேலத்தாருக்கு வேறு மாவு தேட வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயா முதலிய நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் அது வளர்ந்து, 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. ஆலைகளில் கிழங்குப் பாலைத் தெளியவைத்து எடுக்கும் வெண்மாவே இங்கு வேண்டியது. திப்பி கலந்த மாவு உதவாது.

இம்மாவு சூட்டில் நீரை உறிஞ்சிக் கூழாகிக் கறித்துண்டைச் சுற்றி மெல்லிய உறையாக அமைகிறது. அதனால் உள்ளிருக்கும் சாறு வெளியேறுவதில்லை; கறி மிருதுவாக இருக்கிறது. குழம்பைத் திரளச் செய்வதும் இதுவே.

நால்வருக்கு வேண்டிய சாமான்கள்

மாட்டுக்கறி 250 கிராம். காளான் 200 கிராம். குச்சிக்கிழங்கு மாவு 3 தேக்கரண்டி. சமையல் சோடா கால் தேக்கரண்டி. சோயா சாறு 2 மேசைக்கரண்டி. கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி. இஞ்சி ஓர் அங்குலத் துண்டு. பூண்டு 5 பல். சின்ன வெங்காயம் 10. வெங்காயத்தாள் ஒரு பிடி. பொடித்த மிளகு 1 தேக்கரண்டி. சர்க்கரை அரைத் தேக்கரண்டி. மிளகு கொல்லிமலையினதாயின் மணம் சிறக்கும்.

செய்முறை

1. அரிந்த கறியுடன் சோடாவையும் ஒரு மேசைக்கரண்டி நீரையும் பிசறிக் கால் மணி நேரம் வைக்கவும். பின் ஒரு மேசைக்கரண்டி சோயா சாறு, இரண்டு தேக்கரண்டி மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறி மேலும் கால் மணி நேரம் வைக்கவும்.

2. வைக்கோற் காளானை இரண்டாகப் பிளந்து, கொதிநீரில் மூன்று நிமிஷம் இட்டு வடிக்கவும். சிப்பிக் காளானாயின் கையால் கிழித்தால் போதும்.

3. எஞ்சிய சோயா சாறு, மாவு, சர்க்கரை, மிளகு ஆகியவற்றை அரை டம்ளர் நீரில் கரைத்து வைக்கவும். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தை நறுக்கிக்கொள்ளவும்.

4. அடுப்பு மூட்டுமுன் சோறு வடித்திருக்க வேண்டும்; எல்லாச் சாமான்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூட்டியபின் தேடுவதற்கு நேரமில்லை.

5. இரும்பு வடசட்டியை நன்கு காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கறியில் பாதியை மட்டும் பரப்பவும். முழுவதையும் ஒருங்கே கொட்டினால் சட்டி ஆறிக் கறி நீர்விட்டு வெந்து கடினமாகும். சுமார் இரண்டு நிமிஷம் புரட்டி, சிவப்பு முற்றும் மறைந்ததும் எடுத்து, மறுபாதியையும் அவ்வாறே செய்யவும்.

6. மிகுந்த எண்ணெயை ஊற்றி இஞ்சி, பூண்டு, வெங்காயத்தை வதக்கிக் காளானைச் சேர்த்து, பெருந்தீயில் அதன் நீர் வற்றும்வரை புரட்டவும்.

7. கறியைத் திரும்பச் சேர்த்து, கரைசலைக் கலக்கி ஊற்றவும். குழம்பு கொதித்துப் பளபளப்பாகத் திரண்டதும் வெங்காயத்தாளைத் தூவி இறக்கவும். சோயா சாற்றிலேயே உப்பு மிகுதியாதலால் ருசி பார்த்தன்றி உப்பிடலாகாது.

கவனிக்கத்தக்கவை

மாட்டுக்கறியை அரைவேக்காட்டில் உண்டால் நாடாப்புழு உண்டாகக் கூடும். ஆகையால் ஒரு துண்டிலேனும் உட்சிவப்பு இருத்தல் ஆகாது. பச்சைக் கறி அரிந்த பலகையையும் கத்தியையும் கழுவாமல் காளான் நறுக்கக் கூடாது.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. எனவே அது கறிக்கு ஈடான புரத உணவன்று. ஆயினும் தன் இயற்கைச் சுவையால் சிறிதளவு கறியைக் குடும்பம் முழுவதற்கும் நிறைவாக்குகிறது. கறியிலுள்ள இரும்புச்சத்து கீரையிலுள்ளதைவிட எளிதில் உடலிற் சேரும். இரத்தக் குறைவுள்ள பெண்டிர்க்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது நன்மை பயக்கும். மாட்டுக்கறி உண்ணாத இல்லங்களில் எலும்பு நீக்கிய கோழிக்கறியை, சோடா சேர்க்காமல், இதே முறையில் சமைக்கலாம்.

காளானை வீட்டில் வளர்க்க விரும்புவோர் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையோ, சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களையோ அணுகி முறைகளை அறியலாம். மாட்டுக்கென்று வைத்த வைக்கோற் போரில் சில கட்டுகளை ஒதுக்கினால், ஐயமற்ற காளான் வீட்டுக் கொட்டகையிலேயே கிடைக்கும்.